திரிகூட மாளிகையின் காவல்காரன்

சுடலைக்கண்ணு அடிக்கும்போது வாயைத் திறக்க மாட்டான். சத்தம் போடுகிற வேலையெல்லாம் அடி வாங்குகிறவனுக்குத்தான். அச்சன்புதூர்ச் சந்தையில் ஒரு மாட்டுத் தரகரை ஒரே அறையில் உட்கார வைத்தான். சந்தை கலைந்து சாணி அள்ளுகிறவர்கள் வரும்வரை அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது இடது காது கேட்காமல் போயிருந்தது. என்ன காரணம் என்று கேட்டால், "மொறைச்சாரு" என்பான். அந்த வட்டாரத்தில் அவனை முறைக்காதவர்கள் யாரும் இல்லை. பயந்துபோய் ஒருவனைப் பார்த்தால் அது முறைப்பு மாதிரித்தான் இருக்கும். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

கோபத்தில் அடிக்கிறவனோடு பேசிப் பார்க்கலாம். இவன் குளிக்கிற மாதிரி, சாப்பிடுகிற மாதிரி அடித்தான். கட்டின மனைவி குருவம்மாள் இரண்டு பல்லைப் பறிகொடுத்தபின் ராயகிரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டி வரப் போனவனை அரிவாளும் கையுமாக வாசலிலேயே மறித்தாள். "இன்னும் ஒரு எட்டு எடுத்து வச்சீருன்னா, எந் தாலிய நானே அறுத்ததா இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி நடந்தான். பிள்ளைகள் கிடையாது. அப்புறம் அவன் வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்கவும் ஆள் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு பெருமை இருந்தது. அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்த குடும்பம். அந்தக் காவலுக்கு ஒரு சட்டம் உண்டு. காவல் எல்லைக்குள் என்ன களவு போனாலும் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் தன் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு ஆடு, மாட்டுக்கு மாடு. சுடலைக்கண்ணின் அப்பா ஒரு வருஷம் களவு போன உழவு மாடுகளுக்குப் பதிலாகத் தன் சொந்த ஜோடியைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்து, தன் வயலை மண்வெட்டியால் கொத்தி விதைத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சுடலைக்கண்ணின் குரல் தணியும்.

அவன் தலையெடுத்தபோது அந்தக் காவலெல்லாம் போய், எல்லாவற்றுக்கும் போலீஸ் ஸ்டேஷன் என்று ஆகியிருந்தது. சொந்தக்காரப் பையன்கள் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டார்கள். இவனும் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனான். மார்பளவு எடுத்த ஏட்டு டேப்பை இறுக்கிப் பிடித்தார் என்று அவரையே அறைந்துவிட்டு, அன்று சாயங்காலமே வீடு வந்து சேர்ந்தான். அத்தோடு சர்க்கார் வேலை முடிந்தது.

அப்போதுதான் நமசிவாயம் முதலாளி மலை கட்ட ஆரம்பித்தார்.

மலை என்றுதான் அவர் சொன்னார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் அவருக்குப் பரம்பரை நிலம் இருந்தது. கோயில் காரியங்களில் முதல் மரியாதை வாங்குகிற பழைய குடும்பம். பம்பாய்க்கு ஒருமுறை போய் வந்தவர், அங்கே பார்த்த உயரமான கட்டடங்களை மறக்க முடியாமல் தூக்கம் கெட்டுப்போனார். மெட்ராஸிலிருந்து ஒரு என்ஜினீயரைக் கூட்டிவந்து, குற்றால மலையின் மூன்று சிகரங்களைக் காட்டி, "இத அப்படியே எனக்குக் கான்கிரீட்டுல கட்டிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். மூன்று கோபுரங்கள். நடுவில் இருப்பது பதினொரு மாடி, இரண்டு பக்கமும் இருப்பவை கொஞ்சம் தணிவு. அடியில் கடைகள், ஒரு சினிமா கொட்டகை. மேலே சீசனுக்கு வருகிறவர்கள் தங்க அறைகள். நடுக்கோபுரத்தின் உச்சியிலிருந்து அருவி மாதிரித் தண்ணீர் விழுந்து கீழே ஒரு தடாகத்தில் சேர வேண்டும். பெயர் திரிகூட மாளிகை.

"மலையில சும்மா விழுத தண்ணிய, இவரு மோட்டார் போட்டு விழ வைக்கப் போறாராம்" என்று தென்காசி டீக்கடைகளில் சிரித்தார்கள். கோயில் ராஜகோபுரம் எந்தக் காலத்திலோ எரிந்து இரண்டாகப் பிளந்து நிற்கும்போது, அதைச் சரி பண்ணாமல் அதைவிட உசரமாக வீடு கட்டுகிறாரே என்று கோபப்பட்டவர்களும் உண்டு. "கோபுரம் கட்ட ராசா வரணும். நான் ராசா இல்ல. அதான் மலை கட்டுதேன்" என்றார் முதலாளி. பேச்சில் அவரை மடக்க முடியாது.

வேலைக்கு வந்த கூட்டத்தையும், வந்து இறங்கிய கம்பியையும் சிமெண்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சுடலைக்கண்ணைக் கூப்பிட்டுவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "இந்த வேலிக்குள்ள இருக்கது பூராவும் உன் காவல்" என்றார்.

"பூராவும்னா எது எது முதலாளி?"

"மண்ணு, கம்பி, சிமிட்டி, மனுசன், மக்க. எல்லாந்தாம்லே."

அவன் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தான். முதலாளிக்கு அது ஒரு வாட்ச்மேனை வேலைக்கு வைத்த சடங்கு. அவனுக்கு அவன் அப்பாவின் காவல் திரும்ப வந்த நாள். இரண்டு பேரும் ஒரே வெற்றிலையை வைத்துக்கொண்டு வேறு வேறு காரியம் செய்தார்கள், ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த வேலிக்குள் ஓர் ஆணி காணாமல் போகவில்லை. பிந்தி வந்த கொத்தனார் முதுகில் கம்பு விழுந்தது. சிமெண்டுச் சாக்கை உதறி வீட்டுக்கு எடுத்துப்போன சித்தாளின் புருஷனுக்குக் கை விரல் இரண்டு நசுங்கியது. மாடன் என்ற இளவட்டம் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டு, எங்கே அடித்தால் எலும்பு போகும், எங்கே அடித்தால் வலி மட்டும் நிற்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். நடுக்கோபுரம் நான்கு மாடி எழும்பியபோது, அந்த இடத்தில் சாரம் கட்டின மூங்கிலைத் தவிர சுடலைக்கண்ணிடம் அடி வாங்காதது எதுவும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சித்தாள்களில் மாரித்தாய் என்று ஒருத்தி. இருபத்தைந்து வயசு இருக்கலாம். புருஷன் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். வேலிக்குள்ளேயே ஓடையோரம் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, பேராச்சி என்ற மூன்று வயசுப் பெண்ணோடு இருந்தாள். சுடலைக்கண்ணைக் கண்டு வாயை மூடிக்கொள்ளாத ஒரே ஆள் மாரித்தாய்தான். "கை வலிக்கலியா ஒமக்கு? கொஞ்சம் உக்காந்துட்டுத்தான் அடியுமே" என்பாள். பெண்களை அவன் அடிப்பதில்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். குருவம்மாளைப் பற்றிச் சொல்லவில்லை போல.

பேராச்சிக்கு அவனிடம் பயமே கிடையாது. அவன் பின்னாலேயே சுற்றும். ஒரு நாள் மணல் குவியலுக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தை ஒரு விறகுக் குச்சியை வைத்துக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்தபடி, சத்தமே இல்லாமல் மணலை அடித்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டு எட்ட நின்று பார்க்கும், மறுபடி அடிக்கும். அச்சு அசல் அவன்தான். சித்தாள்கள் சிரித்தார்கள். மாரித்தாய் மட்டும் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏட்டி, போடு கீழ" என்று குச்சியைப் பிடுங்கி எறிந்தாள்.

மூன்றாவது கோபுரத்துக்கு அஸ்திவாரக் குழி தோண்டியபோதுதான் தொல்லை தொடங்கியது. ஓடைக்குப் பக்கத்து மண். தோண்டத் தோண்ட ஊற்று. இறைத்து முடித்தால் மறுநாள் காலையில் குழி நிறைந்து செம்மண் தண்ணீர் தளும்பும். குழி காவு கேட்கிறது என்று யாரோ சொன்னார்கள். பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் அப்படிச் சொல்வது வழக்கம்தான். பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள் பக்கத்து ஊர் இலஞ்சிக்காரர்கள்.

சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கம்பிக் கட்டு ஒன்று குறைந்தது. கம்பி கொண்டுவந்து இறக்குகிறவர் செங்கோட்டை மசூது, லாரி டிரைவர். நல்ல மனுஷர், நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறவர். சுடலைக்கண்ணு ஒன்றும் விசாரிக்கவில்லை. மசூதை லாரியிலிருந்து இழுத்துப் போட்டு, சாரக் கம்பத்தில் கட்டினான்.

"அல்லா சத்தியமா நான் எடுக்கல அண்ணாச்சி. என்ஜினீயரக் கேளுங்க" என்று மசூது கதறினார்.

அடி விழ ஆரம்பித்ததும் வேலை நின்றது. கலவை போட்டவன் கலவையோடு, சட்டி சுமந்தவள் சட்டியோடு வந்து சுற்றி நின்றார்கள். மாரித்தாயும் நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு மனுஷனை அடித்துக் கொல்கிறார்கள் என்றால் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? மசூதின் வலது கை முருங்கைக் கிளை மாதிரி முறிந்தது. அவர் தலை தொங்கியது. அப்புறம்தான் கூட்டம் மூச்சு விட்டது. அப்புறம்தான் மாரித்தாய் திரும்பி மணல் குவியலைப் பார்த்தாள்.

குழந்தை இல்லை. குழித் தண்ணீரில் ஒரு குச்சி மிதந்தது.

முதலில் குதித்தது சுடலைக்கண்ணுதான். தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். தலைகீழாகப் பிடித்துச் சுற்றினான், வயிற்றை அமுக்கினான். தண்ணீர் வந்தது, உயிர் வரவில்லை. மாரித்தாய் அழவில்லை. கீழே கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு அடி, இன்னொரு அடி. அவன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. செங்கல் உடைந்து பொடியாகும்வரை அடித்தாள். பிறகு பிள்ளையை அவன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு குடிசைக்குள் போனாள்.

ஓடையோரம், குடிசைக்குப் பின்னாலேயே பிள்ளையைப் புதைத்தார்கள். அந்தச் சமயத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ஜினீயர் மறுநாள் வந்து, அந்தக் கம்பிக் கட்டைத் தாம்தான் வேறொரு வேலைக்கு அனுப்பியதாகவும், சொல்ல மறந்துபோனதாகவும் சொன்னார். மறந்துபோனதாம்! மசூது ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கை அப்புறம் ஸ்டீரிங் பிடிக்கவில்லை. சுடலைக்கண்ணு பார்க்கப் போனபோது அவன் முகத்தில் துப்பினார். அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்க வேண்டும்?

அந்த வாரமே மதுரையிலிருந்து பெரிய பம்பு வந்து குழியை வற்ற அடித்து, கான்கிரீட் போட்டாகிவிட்டது. ஆனால் பம்பைப் பற்றி யார் பேசுவார்கள்? குழி காவு வாங்கிவிட்டு அடங்கிவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு. முதலாளிக்கும் உள்ளூர அந்த நம்பிக்கைதான். சின்னப் பட்டுப்பாவாடை, வளையல், பூ, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு குடிசை வாசலுக்கு வந்தார். வேலையாட்களெல்லாம் சுற்றிக் கூடினார்கள். சுடலைக்கண்ணு தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான்.

"மாரித்தாயி, உம் பிள்ள சாதாரணப் பிள்ள இல்ல. கன்னியாத்தா. மூணாவது கோபுரத்து வாசல்ல ஒரு மாடம் வச்சு, கன்னித் தெய்வமா நாங்க கும்பிடுதோம். வருசா வருசம் பொங்க வச்சு, பாவாட சாத்தி..."

"எம் பிள்ளைய சாமியாக்கி உங்க கட்டடத்துக்குக் காவலுக்கு வைக்கப் பாக்கியளா?" என்றாள் மாரித்தாய். குரல் உயரவில்லை. "அவளுக்கு மூணு வயசு. இருட்டுன்னா பயப்படுவா. அவளயா காவலுக்கு வைக்கப் போறிய?"

 அவள் அவரைத் தாண்டிச் சுடலைக்கண்ணைப் பார்த்தாள்.

"ஏலே காவக்காரா. ஆடு போனா ஆடு குடுப்போம், மாடு போனா மாடு குடுப்போம்னு பீத்துவியே. உங் காவல்ல எம் பிள்ள போயிட்டா. குடுலே எம் பிள்ளைய!"

அத்தனை பேர் முன்னால் அவனை 'ஏலே' என்று கூப்பிட்டவர்கள் அதுவரை யாருமில்லை. அதுகூட அவன் காதில் ஏறவில்லை. அவள் கேட்டது நியாயம். அவன் அறிந்த ஒரே நியாயம் அதுதான். வெற்றிலை வாங்கிய கை அவனுடையது. மசூதை அடித்துக்கொண்டிருந்த கையும் அதேதான். கம்பை முதலாளி காலடியில் போட்டுவிட்டு வெளியே நடந்தான்.

நேரே அச்சன்புதூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணனுக்கு நாலு பெண்கள். முற்றத்தில் நின்றுகொண்டே, கடைசிப் பெண்ணைத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டான். எதற்கு என்றும் சொன்னான். அண்ணன் வண்டியில் கிடந்த முளைக்கட்டையை உருவிக்கொண்டு வந்தார்.

"மாட்ட அவுத்துக் குடுத்த வம்சம்னா, எம் பிள்ளையத் தூக்கிக் குடுக்கணுமாலே? நீ அடிச்சுக் கெட்டதுக்கு எம் பிள்ளையா கெடைச்சா?"

விலாவில் விழுந்த அடியில் அவன் மண்டியிட்டான். அண்ணி ஓடிவந்து தடுத்திருக்காவிட்டால் அன்றே முடிந்திருக்கும். அண்ணன் செய்ததும் சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கு எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள், அவனைத் தவிர.

திரும்பி வந்து மாரித்தாயின் குடிசை முன்னால் நின்றான். "எங்கிட்டக் குடுக்கதுக்குப் பிள்ள இல்ல. நாந்தான் இருக்கேன். என்னய வச்சுக்கோ ஆத்தா" என்றான். நாற்பது வயசுக்காரன், தலையில் பாதி நரைத்தவன். அதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கு வெறி வந்தது. வேலியில் கிடந்த பனங்கருக்கு மட்டையை எடுத்தாள். ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல் இருக்கும் அதில்.

"பிள்ளைன்னா அடி வாங்கணும்லே. வாங்குதியா?"

முதுகைக் காட்டி நின்றான். முதுகு உரிந்து தொங்கியது. அவள் கை ஓய்ந்து உட்கார்ந்தபிறகு, வாசலில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்தான்.

அன்றிலிருந்து அதுதான் அவன் வாழ்க்கை. விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான், குடிசைக்கு ஓலை மாற்றினான், பிள்ளையைப் புதைத்த இடத்தில் புல் முளைத்தால் பிடுங்கினான். கம்பைத் தொடவில்லை, பெண்களோடு பெண்களாகச் சட்டி சுமந்து, வாங்கிய கூலியைக் குடிசை வாசலில் வைத்துவிட்டு, வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் படுத்துக்கொண்டான். அவன் விட்ட கம்பை மாடன் எடுத்துக்கொண்டான். மாரித்தாய் கூலியை எடுத்துக்கொள்வாள், ஒரு சட்டியில் கஞ்சியைத் தள்ளி வைப்பாள், பேச மாட்டாள். கோபம் வந்த நாளில் அடிப்பாள். ஆத்தா என்று அவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிள்ளைக்குப் பிள்ளை கணக்கு நேராகிவிட்டது என்று அவள் வாயால் ஒரு நாளும் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவன் காத்துக் கிடந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? தென்காசி டீக்கடையில் ஒருவன், "ஆத்தாட்டப் பால் குடிச்சிட்டியாலே, டீ எதுக்கு?" என்றான். சுடலைக்கண்ணின் கையிலிருந்த கிளாஸ் நொறுங்கி, உள்ளங்கை கிழிந்து டீயும் ரத்தமும் வழிந்தன. அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். அப்போதுதான் அவனிடம் பழைய பாக்கி வைத்திருந்தவர்களுக்குத் தைரியம் வந்தது. விரல் நசுங்கினவன், காது போனவர், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து, இலஞ்சி விலக்கில் அவனை மறித்துப் போட்டு மிதித்தார்கள். அவன் சுருண்டு கிடந்தானே ஒழிய, கை ஓங்கவில்லை. யாரோ போய்ச் சொல்ல, மாரித்தாய் கருக்கு மட்டையோடு ஓடி வந்தாள். கண் மண் தெரியாமல் வீசியதில் நாலு பேரும் ஆளுக்கொரு திக்காகச் சிதறினார்கள்.

"அவன அடிக்கதுக்கு எனக்கு மட்டுந்தாம்லே பாத்தியதை!" என்று ரோட்டில் நின்று கத்தினாள். "வேற எவன் தொட்டாலும் கைய எடுத்துருவேன்!"

அவனைத் தோள் கொடுத்துத் தூக்கி வந்தாள். அன்று முதல் அவன் குடிசை இறவாரத்துக்கு அடியில் படுக்கலாம் என்று ஆனது. அடிப்பதும் குறைந்தது. ஆனால் பிள்ளை என்று அவள் கூப்பிடவில்லை.

இப்படி மூன்று நான்கு வருஷம் போனது. அறுபத்தாறாம் வருஷம் சாரல் சீசனுக்கு மாளிகையைத் திறந்துவிட வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். மூன்று கோபுரமும் வெள்ளையடித்து எழும்பி நின்றன. மேகம் இறங்கினால் உண்மையான மலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று செங்கோட்டை ரயிலில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பாக்கி இருந்தது மூன்றாவது கோபுரத்தில் கொஞ்சம் வெள்ளையடிப்பும், அருவி விழுகிற தடாகமும்தான். வரைபடத்தில் தடாகம் எங்கே இருந்ததோ அங்கேதான் மாரித்தாயின் குடிசை இருந்தது. குடிசைக்குப் பின்னால் பேராச்சி இருந்தாள்.

"அந்தக் குழிய வேற நல்ல எடமாப் பாத்து மாத்திக் குடுத்திருதேன். உனக்கும் ஒரு வீடு தாரேன்" என்றார் முதலாளி.

"தூங்குத பிள்ளையத் தோண்டி எடுக்கணும்னா சொல்லுதிய?" என்றாள் அவள். 

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரம், மாடன் மூன்று பேரோடு வந்தான். இரண்டு பேர் கையில் கடப்பாரை. மாரித்தாய் குழிமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். மாடன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவளை எட்டி உதைத்தான். ஓடையிலிருந்து குடத்தோடு வந்த சுடலைக்கண்ணு அதைப் பார்த்தான்.

குடத்தைப் பதனமாகக் கீழே வைத்தான். "மாடா, கடப்பாரையக் கீழ போடச் சொல்லுலே" என்றான்.

"அண்ணாச்சி, விலகிருங்க. நீங்க சொல்லிக்குடுத்த அடிதான் எனக்குத் தெரியும். அது உங்க மேலயா விழணும்?"

சுடலைக்கண்ணு குடிசைக் கூரையைத் தாங்கின கம்பை உருவினான். கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. அதற்குப்பின் நடந்ததை மூன்றாவது கோபுரத்தின் சாரத்திலிருந்து வெள்ளையடித்தவர்கள் பார்த்தார்கள். கடப்பாரை ஓங்கினவனின் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. இரண்டாவது ஆள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் விழுந்தான். மூன்றாவது ஆள் அரிவாளால் வீசியது சுடலைக்கண்ணின் தோளில் இறங்கியது. அந்தக் கை தொங்கியதும் கம்பை மறு கைக்கு மாற்றி, வீசினவன் மண்டையை உடைத்தான். அதுவரை மாடன் கை ஓங்கவில்லை. இப்போது கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு, குருநாதர் சொல்லிக்கொடுத்த இடத்தில், பின்கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே அடி அடித்தான்.

சுடலைக்கண்ணு குழிமேல் குப்புற விழுந்தான். விழுந்தவன் வெட்டுப்படாத கையால் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாடன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நகரவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்தான். சாரத்திலிருந்து ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி வரவும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான்.

மாரித்தாய் தவழ்ந்து வந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மூக்கிலும் காதிலும் ரத்தம்.

"குழியத் தொட்டானுவளா ஆத்தா?"

"தொடலலே. தொடல."

அதைக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

பிறகு கேஸ் நடந்தது. மாடனும் மற்றவர்களும் ஜெயிலுக்குப் போனார்கள். முதலாளி பெயர் எதிலும் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் பெயர் எதில்தான் வந்திருக்கிறது? மாளிகையும் திறந்தது, மோட்டார் அருவியும் விழுந்தது. தடாகத்தை மட்டும் வேறு பக்கம் தள்ளிக் கட்டினார்கள். வெள்ளையடித்தவர்களும் கொத்தனார்களும் சித்தாள்களும் அந்த இடத்தில் கடப்பாரை இறக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டதால் வேறு வழியில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அறுத்து முடித்து, உடம்பைத் துணியில் சுற்றி வெளியே கிடத்தினார்கள். அச்சன்புதூரிலிருந்து அண்ணன் வண்டியில் விறகோடு வந்திருந்தார். உடம்பை ஊருக்குக் கொண்டுபோய் வழக்கப்படி எரிக்க வேண்டும் என்றார். மாரித்தாய் பாதை மறித்து நின்றாள். உதைபட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது.

"எரிக்கப்படாது" என்றாள். "பச்சப் பிள்ளைய யாராது எரிப்பாகளா?"

அண்ணன் அவளையும் வெள்ளை படர்ந்த அந்தத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.  வண்டியிலிருந்த விறகை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, தம்பியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். ஓடையோரம் போய்ச் சேர்ந்தபோது வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். குழி வெட்டுகிறவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எந்தப் பக்கம் வெட்டட்டும், தலையை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டான்.

மாரித்தாய் பேராச்சியின் குழியைத் தொட்டுக் காட்டினாள்.

"இவ மூத்தவ. அவன் எளையவன். அக்காளுக்கு எடது கைப்பக்கம் வையி. ரொம்பத் தள்ளிராத, அவ கைக்கு எட்டணும்."

குழி வெட்டுகிறவன் அப்படியே வெட்டினான்.